பொட்டின்னா தப்பு இல்லைங்

காங்கயம் போற பஸ்ஸின் போர்டை இதுவரைக்கும் எத்தனை தடவை படிச்சிருப்பீங்க? திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்ன யாரும் அதைப் பார்க்காம வந்திருக்க முடியாது. அந்தப் பேரில் ரெண்டு 'க' இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரியா ஒலிக்குது?

ஆமான்னுதான் நானும் நினைச்சிருந்தேன். இல்லைன்னு எனக்குக் காட்டினது பீகாரில் இருந்து வந்த ஒரு பையன். என் அம்மா வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில், அதே பேக்கிங் செக்‌ஷனில் அவனும் இருக்கான். அம்மா அவனைத் "தம்பி" என்பாங்க, அவன் "அக்கா" என்பான். வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. தமிழ் எழுத்து கத்துக்கணும்னு ஒரு நாற்பது பக்க நோட்டில் பஸ் போர்டையெல்லாம் எழுதி வைச்சிருக்கான். ஒருநாள் ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு அம்மாவைக் கூட்டிட்டு வரப் போய் கேட்டில் நின்னுட்டிருந்தேன். அவன் அந்த நோட்டை என்கிட்ட நீட்டினான். "அண்ணா, இது க. இதுவும் க. ஆனா ஏன் வேற வேற?" காங்கயம் என்று எழுதி, அதுக்குக் கீழே இந்தியில் முதல் 'க'வுக்கு ஒரு எழுத்தும், ரெண்டாவது 'க'வுக்கு வேற ஒரு எழுத்தும் போட்டிருந்தான்.

நான் பதில் சொல்லலை. சொல்லத் தெரியலை. இ.சி.இ. ஃபைனல் இயர், சிக்னல் பிராசஸிங்கில் நல்ல மார்க், தாய்மொழி தமிழ். ஆனா என் வாயில் இருந்து தினமும் வர்ற ஒரு ஒலியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியலை.

நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்க. தொண்டை மேல ரெண்டு விரலை வைச்சுக்கிட்டு 'பக்கம்' என்று மெதுவா சொல்லுங்க. 'க்க' வர்ற இடத்தில் விரலுக்கு அதிர்வு நின்னு போகும். அடுத்து 'தங்கம்' சொல்லுங்க, அதிர்வு நிக்காது. 'மகன்' சொல்லுங்க, அங்கே காத்து முழுசா அடைபடக்கூட இல்லை, உரசிக்கிட்டுப் போகுது. எழுத்து ஒண்ணு, ஒலி மூணு. எந்த இடத்தில் எது வரும்னு நமக்கு யாரும் சொல்லித் தரலை. ஆனா யாரும் தப்பு பண்றதும் இல்லை. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் அதிர்வு இல்லை, மெல்லினத்துக்குப் பின்னால் அதிர்வு உண்டு, ரெண்டு உயிருக்கு நடுவில் தளர்ந்துடும். கால்டுவெல் 1856ல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதை எழுதி வைச்சிருக்கார்.

இதைக் கேட்டதும் "அப்ப தமிழ்ல எழுத்து பத்தலை"ன்னு சிலர் ஆரம்பிப்பாங்க. நான் அப்படிப் பார்க்கலை. நாம டேட்டா கம்ப்ரெஷன் படிச்சவங்க. முன்கூட்டியே கணிக்க முடியற ஒரு பிட்டை யாராவது சேமிச்சு வைப்பாங்களா? தமிழ் எழுத்து அந்த பிட்டைச் சேமிக்கலை, அவ்வளவுதான். வெளியில் இருந்து சொல் வரும்போதுதான் சிக்கல். நம்ம ஊர் சோறு போடற 'பனியன்' என்ற சொல்லே இந்த விதிக்கு அடங்காது, சொல் முதலில் வர்ற அந்த 'ப' அதிருது. தொட்டுப் பாருங்க.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். ஒரு ஒலி என்பது உடைக்க முடியாத ஒரு கல்லா, இல்லை உள்ளே பாகங்கள் உள்ள ஒரு பொருளா? ஸ்கூலில் நமக்குக் கல் மாதிரிதான் சொல்லிக்கொடுத்தாங்க. 247 எழுத்து, சார்ட்டில் 247 கட்டம், மனப்பாடம் பண்ணு. புணர்ச்சி வரும்போது அந்தக் கல்லில் ஒண்ணு "கெடும்", இன்னொண்ணு "திரியும்", புதுசா ஒண்ணு "தோன்றும்". ஏன் திரியுது, ஏன் இதாகத் திரியுது, வேற எதாகவும் ஏன் திரியலை? கேட்டா ரெண்டு மார்க் கேள்விக்கு இவ்வளவு போதும்னு பதில் வரும்.

பெருந்துறை பக்கத்தில்தான் இருக்கு, அதையே எடுத்துக்குவோம். பெரும் என்பதோட துறை சேர்ந்தா பெருந்துறை. கடல் சேர்ந்தா பெருங்கடல். செல்வம் சேர்ந்தா பெருஞ்செல்வம். பொருள் சேர்ந்தா பெரும்பொருள். மனப்பாடக் கணக்கில் இது மூணு தனித்தனி மாற்றம்: ம் போய் ந், ம் போய் ங், ம் போய் ஞ். ஆனா வாயில் நடக்கிறது ஒண்ணே ஒண்ணு. மூக்கு வழியா காத்து விடற வேலை அப்படியே இருக்கு, வாயை அடைக்கிற இடம் மட்டும் பக்கத்து வீட்டுக்காரன் இடத்துக்கு மாறிடுது. த-வுக்குப் பல், க-வுக்கு அடிநாக்கு, ச-வுக்கு நடுநாக்கு.

இப்ப இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. மண் + குடம் = மட்குடம். பொன் + குடம் = பொற்குடம். இங்கே நாக்கு தொடற இடம் மாறவே இல்லை. ண்-ணும் ட்-டும் ஒரே இடம், ன்-னும் ற்-றும் ஒரே இடம். காணாம போனது மூக்கு வேலை மட்டும். முதல் கேஸில் இடம் போய் மூக்கு நின்னுச்சு, ரெண்டாவது கேஸில் மூக்கு போய் இடம் நின்னுச்சு. ஒண்ணைக் கழட்டினா இன்னொண்ணு நிக்குதுன்னா, அது ரெண்டும் தனித்தனி பாகம்னுதானே அர்த்தம்?

ஏற்றுமதி கம்பெனியில் கொஞ்ச நாள் இன்டர்ன்ஷிப் போனவங்களுக்கு டெக் பேக் என்றால் தெரியும். பையர் "ஒரு டி-ஷர்ட் வேணும்" என்று மட்டும் எழுதி அனுப்பறதில்லை. சிங்கிள் ஜெர்சியா இன்டர்லாக்கா, நூல் என்ன கவுண்ட், ஜி.எஸ்.எம். எவ்வளவு, கலர் என்ன, எல்லாம் தனித்தனி வரி. கலரை மட்டும் மாத்தினா துணி அதேதான், ஜி.எஸ்.எம். மாத்தினா கலர் அதேதான். ண் என்பதும் அப்படி ஒரு டெக் பேக்தான்: இடம் மேலண்ணம், மூக்கு திறந்திருக்கு, குரல் அதிருது. ஒரு வரியை அடிச்சு எழுதினா ட் வருது.

மொழியியலில் இந்த வரிகளுக்கு ஒலிக்கூறு என்று பேர். இருபதாம் நூற்றாண்டில் இதை ஒரு முழுக் கோட்பாடா மாத்தினவங்களில் ஒருத்தர் எஞ்சினியர். நம்ம ஆளுங்க பெருமைப்படலாம். 1952ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை இல்லை, மாசசூசெட்ஸ்) ஒலியியல் ஆய்வகத்தில் இருந்து ஒரு அறிக்கை வந்தது. எழுதினவங்க மூணு பேர்: ரோமன் யாக்கப்சன், குன்னர் ஃபாண்ட், மோரிஸ் ஹாலே. இதில் ஃபாண்ட் ஸ்டாக்ஹோமில் எலக்ட்ரிகல் எஞ்சினியரிங் படிச்சவர். உலக மொழிகளின் ஒலிகளைப் பிரிச்சுக் காட்ட 12 ஆமா-இல்லை கேள்விகள் போதும்னு சொன்னாங்க. ஷானனின் தகவல் கோட்பாடு வந்து நாலே வருஷம் ஆன சமயம் அது. ஒலியையும் பிட்டாக எண்ணிப் பார்க்கும் ஆசை அங்கே இருந்துதான் வந்தது. 1968ல் சாம்ஸ்கியும் ஹாலேயும் ஆங்கில ஒலியமைப்பைப் பத்திப் பெரிய புத்தகம் போட்டு, அந்தக் கூறுகளைக் காதில் கேட்கிறதை வைச்சு இல்லாம, வாயில் நடக்கிறதை வைச்சு மாத்தி எழுதினாங்க. 1985ல் கிளெமென்ட்ஸ் இன்னொரு கேள்வி கேட்டார்: இந்தக் கூறுகள் ஒரு மூட்டையில் கொட்டி வைச்ச மாதிரி கிடக்குதா, இல்லை மரம் மாதிரி கிளை கிளையா இருக்கா? இடம் சம்பந்தமானதெல்லாம் ஒரே கிளையில் தொங்குதுன்னார். பெருங்கடலும் பெருந்துறையும் அந்தக் கிளையை அப்படியே ஒடிச்சு வேற கிளையை ஒட்ட வைக்கிற வேலைதான்.

அதே 1985ல் கே, லோவன்ஸ்டாம், வெர்ஞோ என்று மூணு பேர் வேற வழியில் போனாங்க. ஆமா-இல்லை கேள்வியே வேண்டாம், ஆ, ஈ, ஊ என்ற மூணு மூலப்பொருள் இருக்கு, மத்த உயிரெல்லாம் அதைக் கலந்து செய்தது. அ-வும் இ-யும் கலந்தா ஏ, அ-வும் உ-வும் கலந்தா ஓ. பாரிஸ் வரைக்கும் போக வேண்டாம், நர + இந்திரன் நரேந்திரன் ஆகறதும், சூரிய + உதயம் சூரியோதயம் ஆகறதும் பத்தாம் வகுப்பில் படிச்ச குணசந்திதான். எனக்கு இந்தக் கோட்பாடு பிடிச்சிருக்கு, லேப் டிப் போடற மாதிரி. மூணு சாயத்தில் எல்லா ஷேடும் எடுக்கலாம்.

தொல்காப்பியம் பத்தி இப்ப சொல்லணும். இதைச் சொல்லும்போது "எல்லாம் நாம முன்னாடியே கண்டுபிடிச்சிட்டோம்" என்ற பாட்டைப் பாட எனக்கு இஷ்டமில்லை. தொல்காப்பியர் மரக்கிளை வரையலை, 12 கேள்வியும் போடலை. ஆனா எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களில் மூணாவதா வர்ற பிறப்பியலை ஒரு தடவை எடுத்துப் படிங்க. உந்தியில் இருந்து கிளம்பற காத்து நெஞ்சு, மிடறு, தலை என்று போய், பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இதெல்லாம் சேர்ந்து எப்படி எழுத்தாகுதுன்னு ஒரு மெஷின் மேனுவல் மாதிரி எழுதியிருக்கார். க-வுக்கும் ங-வுக்கும் ஒரே விளக்கம், ச-வுக்கும் ஞ-வுக்கும் ஒரே விளக்கம், ட-வுக்கும் ண-வுக்கும் ஒரே விளக்கம். இடம் ஒண்ணு, மெல்லினத்துக்கு மூக்குக் காத்து கூடுதல். அப்புறம் ர-வும் ழ-வும் நாக்கு நுனி அண்ணத்தை வருடறது, ல-வில் நாக்கு விளிம்பு தடிச்சு ஒத்தறது, ள-வில் வருடறது. ல, ள, ழ மூணையும் இத்தனை தெளிவா நமக்கு எந்த மிஸ்ஸும் சொல்லித் தரலை. "நாக்கை மடிச்சுச் சொல்லு" என்றுதான் சொன்னாங்க. அண்ணத்தை ஒத்தணுமா, வருடணுமா? பிறப்பியலில் இருக்கு.

க ங, ச ஞ, ட ண, த ந, ப ம. ரைம்ஸ் மாதிரி பாடினோமே, அந்த வரிசையே ஒரு வாய் மேப். தொண்டைப் பக்கம் ஆரம்பிச்சு உதட்டில் வந்து முடியுது. அந்த பீகார் பையன் படிச்ச இந்தி வரிசையும் அதே மாதிரி தொண்டையில் ஆரம்பிச்சு உதட்டுக்கு வரும். ஆனா அவன் வரிசையில் ஒவ்வொரு இடத்துக்கும் அஞ்சு எழுத்து. குரல் அதிருதா, கூடவே மூச்சு வருதா என்ற ரெண்டு சுவிட்ச் அங்கே சொல்லின் பொருளையே மாத்தும். அதனால்தான் காங்கயத்தில் ரெண்டு க-வை அவன் காது உடனே பிரிச்சது. நம்ம காதில் அந்த சுவிட்ச் வேலைக்கு எடுக்கப்படலை. பதிலுக்கு த, ற, ட என்று நாக்கு நுனியில் மூணு இடம் நமக்கு உண்டு. அவனுக்கு ரெண்டுதான். அவன் 'பல்லடம்' சொல்லும்போதும் 'வாழை' சொல்லும்போதும் செக்‌ஷனில் சிரிப்பாங்களாம். சிரிக்கிறவங்களில் யாருக்காவது அவன் மொழியின் மூச்சுள்ள 'க'வைச் சொல்ல வருமான்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்.

இப்ப தலைப்புக்கு வரேன். இதுதான் நான் எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம்.

ஆறாவது படிக்கும்போது கிளாஸில் "பொட்டி" என்று சொன்னேன். மிஸ் நிறுத்தினாங்க. "வீட்ல கம்பெனில பேசற பேச்சை இங்க பேசாதே. பெட்டி." கிளாஸே சிரிச்சது. அன்னைக்கு சாயந்திரம் வீட்டுக்குப் போய் நான் அம்மாவைத் திருத்த ஆரம்பிச்சேன். பொண்ணு இல்லைம்மா பெண்ணு, புடி இல்லைம்மா பிடி, பொழப்பு இல்லைம்மா பிழைப்பு. அம்மா முதலில் சிரிச்சாங்க. ஒருநாள் பேரண்ட்ஸ் மீட்டிங்கில், என் ஃபிரண்டோட அம்மா முன்னாடி, "சாப்பாட்டுப் பொட்டி" என்றாங்க. நான் எல்லார் எதிரிலும் திருத்தினேன். அதுக்கப்புறம் அம்மா எந்த மீட்டிங்குக்கும் வரலை. ஷிப்ட் இருக்கு கண்ணு என்பாங்க. காலேஜ் சேர்ந்த அன்னைக்கும் ஷிப்ட் இருந்தது.

பத்து வருஷம் கழிச்சு, போன செமஸ்டரில் லைப்ரரியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பொட்டி ஒரு தப்பு இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சது. நீங்களே பாருங்க: பெட்டி பொட்டி ஆகுது, பெண் பொண்ணு ஆகுது, பிடி புடி, பிள்ளை புள்ள, பிழைப்பு பொழப்பு, மிளகாய் மொளகா. ஆனா பெத்த தாய் 'பொத்த தாய்' ஆகறதில்லை. மின்னல் 'முன்னல்' ஆகறதில்லை. கெட்டிச் சட்னி 'கொட்டிச் சட்னி' ஆகறதில்லை. சோம்பேறித்தனமா வாய்க்கு வந்ததைப் பேசறவங்க இத்தனை ஒழுங்கா பேச முடியுமா? முன்னால் உதட்டு ஒலி இருக்கணும் (ப, ம, வ), பின்னால் நாக்கை மடக்கற ஒலி இருக்கணும் (ட, ண, ள, ழ). ரெண்டும் சேர்ந்து நெருக்கினாதான் நடுவில் மாட்டின இ-யும் எ-யும் உதட்டைக் குவிச்சு உ-வாகவும் ஒ-வாகவும் மாறும். ஒண்ணு மட்டும் இருந்தா அசையாது. ற-வும் அப்பப்ப இந்தக் கூட்டத்தில் சேர்ந்துக்கும், பிறந்த நாள் பொறந்த நாள் ஆகற மாதிரி. நெடிலில் இது அவ்வளவா நடக்கறதில்லை. வீடு சில வாயில் வூடு ஆகும், வேட்டி எப்பவும் வேட்டிதான்.

உதடு முன்னால் இருக்கறதால் உதடு குவியுது, சரி. நாக்கு மடங்கறதுக்கும் உதடு குவியறதுக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் 1952 ஆளுங்க வராங்க. உதட்டைக் குவிச்சாலும் நாக்கை மடிச்சாலும் காதுக்கு வர்ற சிக்னலில் ஒரே திசையில் மாற்றம் நடக்குது: வாயின் அதிர்வெண்கள் கீழே இறங்குது. வாயில் வேற வேற வேலை, ஸ்பெக்ட்ரோகிராமில் ஒரே சாய்மானம். அதனால் ரெண்டையும் ஒரே கூறாகப் போட்டு 'ஃபிளாட்' என்று பேர் வைச்சாங்க (ஃபிளாட்லாக் இல்லை, இசையில் ஷார்ப், ஃபிளாட் என்கிறாங்களே, அது). 1968ல் எல்லாத்தையும் வாயை வைச்சு மாத்தி எழுதினப்ப அந்தக் கூறைத் தூக்கிட்டாங்க. எனக்கு அது நஷ்டமாத்தான் படுது. வாயை மட்டும் பார்க்கிற கோட்பாட்டில் பொட்டிக்குப் பாதி காரணம்தான் கிடைக்கும். காதையும் சேர்த்தா முழுக் காரணமும் கிடைக்கும். சாம்ஸ்கி என்ற பேரைப் பார்த்துப் பயந்து இதை எழுதாம இருக்க வேண்டியதில்லைன்னு நினைக்கிறேன்.

இன்னும் ரெண்டு உதாரணம் சொல்லிட்டு சண்டைக்கு வரேன். 'பணம்' என்று நாம யாருமே பேசும்போது சொல்றதில்லை. வாயை மூடாம, மூக்கில் பாதி வெளியேற 'பணோ' மாதிரி ஒண்ணு சொல்றோம். 'அவன்' என்பது 'அவெ' மாதிரி மூக்கோட வருது. ம்-மும் ன்-னும் விழுந்துடுச்சுன்னு சொல்லத் தோணும். ஆனா முழுசா விழலை. மூக்கு உயிரெழுத்து மேல ஏறிடுச்சு. ம்-மில் இருந்த உதடும் ஏறிடுச்சு, அதனால்தான் அ குவிஞ்சு ஓ பக்கம் போகுது. ன்-னில் இருந்தது நாக்கு நுனி, அதனால் அங்கே எ பக்கம் போகுது. கிளெமென்ட்ஸும் எலிசபெத் ஹியூமும் 1995ல் ஒலிகளின் உள்ளமைப்பைப் பத்தி எழுதின கட்டுரையில் மெய்க்கும் உயிருக்கும் ஒரே இடக் கூறுகள்தான் என்கிறாங்க. உதடு குவிச்ச உயிர் ப, ம-வின் சொந்தக்காரன், முன்னால் வர்ற இ, எ உயிர் நாக்கு நுனி மெய்யின் சொந்தக்காரன். நம்ம அம்மா "பணோ குடு", "அவெ வந்தானா" என்று சொல்றது அந்தக் கட்டுரைக்கு ஒரு சாட்சி.

ரெண்டாவது நம்ம கொங்கு சொத்து. வாரும் + கள் = வாருங்கள், அது தேய்ஞ்சு வாங்க, நம்ம ஊரில் இன்னும் தேய்ஞ்சு வாங். சரிங், ஆமாங், ஏனுங். ஸ்கூலில் ங் என்ற எழுத்து க-வுக்கு முன்னால்தான் வரும், தனியா நிக்காதுன்னு படிச்சோம். இங்கே சொல் கடைசியில் தனியா நிக்குது. ஆரம்பத்தில் அது ம். க பக்கத்தில் வந்ததால் அதன் இடத்தை வாங்கிக்கிட்டு ங் ஆச்சு. இப்ப க போயிடுச்சு, அது கொடுத்த இடம் மட்டும் மிச்சம். கூடவே மரியாதையும் மிச்சம். என் போனில் இருக்கிற வாய்ஸ் டைப்பிங்கிடம் 'சரிங்' என்று சொல்லிப் பாருங்க, 'சாரி' என்று மன்னிப்பு கேட்கும்.

இதைச் சிரிச்சுட்டுப் போகலாம். ஆனா ஒண்ணு யோசிங்க. நாளைக்கு ஆஸ்பத்திரி டோக்கன், பேங்க், ரேஷன் எல்லாம் குரலில் வரப்போகுதுன்னு நம்ம டிபார்ட்மென்ட்டில் தினமும் பேசறோம். புராஜெக்ட் பண்றோம். நம்ம டேட்டா எல்லாம் நியூஸ் வாசிக்கிற தமிழ். பொட்டியையும் பணோவையும் சரிங்-கையும் 'பிழை' என்ற கணக்கில் வைச்சு மெஷினுக்குச் சொல்லித் தந்தா, என் கிளாஸில் மிஸ் செஞ்சதையே நாம மெஷினை வைச்சுச் செய்யப்போறோம். அம்மா அங்கேயும் ஷிப்ட் இருக்குன்னு சொல்லி வராம இருந்துடுவாங்க.

யூனிகோடைப் பத்திக் கூட ஒரு வரி. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை பைத்தானிடம் கேளுங்க, 5 என்று வரும். நாம எழுத்து எண்ணினா 3. ஒலி எண்ணினா த் அ ம் இ ழ், அதுவும் 5. ஆஹா, பைத்தான் ஒலியை எண்ணுதுன்னு சந்தோஷப்படாதீங்க. அது எண்ணின 5 வேற: த, ம, இ-யின் கொக்கி, ழ, புள்ளி. நம்ம இலக்கணத்தில் க் தான் அடிப்படை, அதோட அ சேர்ந்தா க. யூனிகோடில் க தான் அடிப்படை, புள்ளி வைச்சா க். தலைகீழ். ஒலிக்கூறு வைச்சு ஏதாவது புரோகிராம் எழுதணும்னா முதல் வேலையே இதைத் திருப்பிப் போடறதுதான்.

நம்ம பல்கலைக்கழகம் 2022ல் முதல் வருஷத்துக்கு ரெண்டு தமிழ்ப் பேப்பர் கொண்டு வந்தது: தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கிரெடிட். எங்க பேட்ச்தான் முதலில் எழுதினோம். நானும் மத்தவங்க மாதிரி பரீட்சைக்கு முதல் நாள் பி.டி.எஃப். படிச்சவன்தான், அதனால் பெரிய யோக்கியன் மாதிரி பேசலை. ரெண்டாவது பேப்பரில் நெசவு வருது, பானை வருது, உலோகம் வருது, கடைசி யூனிட்டில் கணித்தமிழ் வருது. மின்நூலகம், அகராதி, சொற்குவை எல்லாம் இருக்கு. ஒலி இல்லை. நெசவுத் தொழில்நுட்பம் படிக்கிற பேப்பரில் வாய் என்ற தொழில்நுட்பத்துக்கு ஒரு மணி நேரம் இல்லை. பிறப்பியலில் உள்ள சூத்திரங்களை ஒரு பீரியடில் முடிக்கலாம். பிராட் என்ற மென்பொருள் இலவசம், லேப் கம்ப்யூட்டரில் ஓடும். ஆளுக்கு பத்து சொல் பேசிப் பதிவு பண்ணி, உதடு குவிஞ்சா கோடு எங்கே இறங்குதுன்னு பார்த்தா போதும். இதை எலெக்டிவாக்கூட கேட்கலை. அந்த ஒரு கிரெடிட்டுக்குள்ளேயே ஒரு எக்ஸ்பெரிமென்ட்.

"வாய்க்கு எதுக்குப்பா சிலபஸ், பிளேஸ்மென்ட்டுக்கு உதவுமா?" என்பீங்க. பிளேஸ்மென்ட் டிரெயினிங்கில் நம்ம ஆங்கில உச்சரிப்பைப் பார்த்துச் சிரிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? ஆங்கிலத்தில் 'பென்' என்று சொல்லும்போது முதல் ப-வில் ஒரு மூச்சு வரும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடிச்சா தெரியும். அன்னைக்கு நமக்கு வகுப்பெடுத்தவருக்கு அந்த மூச்சு வரலை. எனக்கும் வராது. நம்ம எல்லாரையும் விட அதைச் சுலபமா சொல்லக்கூடியவன் அந்த நோட்டு வைச்சிருக்கிற பையன்தான். அவன் மாசச் சம்பளத்துக்குப் பொட்டி கட்டிட்டிருக்கான்.

போன மாசம் வீட்டுக்குப் போனப்ப லேப்டாப்பில் பிராட் திறந்து வைச்சு, ஹெட்செட் மைக்கை அம்மா கையில் கொடுத்தேன். எதுக்குன்னு சொல்லலை. ஒரு படம் காட்டி, "இது என்னம்மா?" என்றேன். அம்மா மைக்கைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, நிமிர்ந்து உட்கார்ந்து ரொம்ப நிதானமா சொன்னாங்க:

"பெட்டி."

எ-வின் கோடு ஸ்கிரீனில் அவ்வளவு தெளிவா, அவ்வளவு உயரத்தில் இருந்தது. ஆறாவதில் நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே. மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் பெட்டிதான். மைக்கை வாங்கிக் கீழே வைச்சுட்டேன். ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்துட்டேன். அம்மா எந்திரிச்சு சமையல்கட்டுக்குப் போயி அங்கிருந்து கூப்பிட்டாங்க, "கண்ணு, அந்த மேல இருக்கற பொட்டிய எடுத்துக் குடு சாமி, எட்டலை." அது தூரத்தில் இருந்து, மிக்ஸி சத்தத்தோட பதிவாயிருக்கு. டேட்டாவா எடுத்துக்க முடியாது. அழிக்கலை.

ஜூனியர்ஸ் யாராவது கொங்குப் பேச்சைப் பதிவு பண்ணி ஒரு டேட்டா செட் செய்ய நினைச்சா எங்க டிபார்ட்மென்ட்டுக்கு வாங்க, மே மாசம் வரைக்கும் இருப்பேன். மைக்கை எங்க வைக்கணும்னு மட்டும் முதலில் பேசிக்கலாம்ங்.